எல்கேஜி மிஸ்களுக்கு ஒரு கேள்வி: கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களை எப்படித்தான் ஓட்டுகிறீர்கள்?

கேட்டவர்: நாகர்கோவில் எல்கேஜி மிஸ்

வணக்கம். நான் இந்த ஜூனில்தான் வேலைக்குச் சேர்ந்தேன். நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளி. எல்கேஜியில் 32 பிள்ளைகள், நான் ஒருத்தி, ஆயாம்மா ஒருவர், அவரும் யூகேஜிக்கும் சேர்த்துத்தான். நவம்பர் வரைக்கும் பெரிய பிரச்சினை எதுவும் இல்லை. அழுகிற பிள்ளைகள் எல்லாம் ஆகஸ்டிலேயே அடங்கிவிட்டார்கள், வரிசையில் நிற்கிறார்கள், தண்ணீர் பாட்டிலைத் தாங்களே திறக்கிறார்கள். டிசம்பர் பிறந்ததும் எல்லாம் தலைகீழாகிவிட்டது.

22ஆம் தேதி கிறிஸ்துமஸ் விழா. அதற்கு முந்தைய வாரம் அரையாண்டுத் தேர்வு, எங்களுக்கு ஓரல் மட்டும்தான், ஆனாலும் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டு ரிப்போர்ட் கார்டு எழுதவேண்டும். நடுவில் மழைக்கு லீவு விட்டுவிடுகிறார்கள், காலையில் டிவியில் கலெக்டர் அறிவிப்பைப் பார்த்த பிறகுதான் அன்றைக்குப் பள்ளி உண்டா இல்லையா என்றே தெரிகிறது. கரஸ்பாண்டன்ட் எல்லாப் பிள்ளைகளும் மேடையில் ஏறியே ஆகவேண்டும் என்கிறார். நான் ஒரு சினிமா மெட்டில் தேவதைகள் டான்ஸ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன், பாதிப் பேர் ஆடுகிறார்கள், மீதிப் பேர் ஆடுகிறவர்களை வேடிக்கை பார்க்கிறார்கள், இரண்டு பேர் தரையில் படுத்துக்கொள்கிறார்கள். மரியாள் வேடத்துக்கு இரண்டு அம்மாக்கள் போட்டி. ஒரு முஸ்லிம் அம்மா வந்து, குறை சொல்லாமல் மெதுவாகத்தான், தன் மகள் என்ன வேடம் போடுவாள் என்று கேட்டுவிட்டுப் போனார், அவருக்கு என்ன பதில் சொல்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். வகுப்பில் ஒரு பையனுக்கு கிறிஸ்துமஸ் தாத்தா என்றாலே பயம், படத்தைக் காட்டினாலே ஆயாம்மா சேலைக்குள் ஒளிந்துகொள்கிறான்.

இதுபோக ஆபீஸ் ரூம் வாசலில் மாட்டுவதற்கு 32 நட்சத்திரம். ராத்திரி வீட்டில் உட்கார்ந்து சார்ட் பேப்பர் வெட்டுவது நான்தான். எதை விடலாம், எதை விடக்கூடாது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

பாளை டீச்சரம்மா

மிஸ், முதலில் அந்த டான்ஸை நிறுத்துங்கள். இப்போதே, நாளைக்கே. நான்கு வயதுப் பிள்ளைக்கு டிசம்பரில் புதுப்பாட்டு, புது ஸ்டெப் சொல்லிக்கொடுத்து மேடையேற்றவே முடியாது என்று சொல்லமாட்டேன், முடியும், ஆனால் மூன்று வாரத்தை மொத்தமாக அதற்கே எழுதிக்கொடுக்கவேண்டும். ஜூனிலிருந்து தினமும் பாடுகிற ஆக்‌ஷன் சாங் ஏதாவது இருக்குமே, நட்சத்திரம் பற்றியோ ஆட்டுக்குட்டி பற்றியோ, அதைப் போடுங்கள். தூக்கத்தில் எழுப்பினாலும் பாடுவார்கள். வேடம் மட்டும்தான் புதுசு, மேடைக்கு அது போதும். பெற்றோருக்கு ஸ்டெப் முக்கியமே இல்லை, தங்கள் பிள்ளை எந்த வரிசையில் நிற்கிறது, முகம் தெரிகிறதா என்பதுதான் அவர்கள் கவலை.

ஒத்திகையை எப்போது வைக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலான பள்ளிகளில் மதியம் வைப்பார்கள், பெரிய வகுப்புகள் அப்போதுதான் மேடையை விட்டுக்கொடுக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்கேஜி பிள்ளை பாதித் தூக்கத்தில் இருக்கும், படுத்துக்கொள்வது சேட்டையால் இல்லை. காலை ஸ்நாக்ஸ் முடிந்து கை கழுவினதும் பத்து நிமிடம், அதற்கு மேல் ஒரு நிமிடம்கூட வேண்டாம். அதற்கு முன்னால் இருக்கிற ஜெபம், அட்டெண்டன்ஸ், கிழமை சொல்வது, ரைம்ஸ் எதையும் தொடாதீர்கள். டிசம்பரில் பிள்ளைகள் துள்ளுவதற்கு முக்கால்வாசிக் காரணம் கிறிஸ்துமஸ் இல்லை, தினமும் நடக்கிறது நடக்காமல் போவதுதான். பெரியவர்களுக்கு அது தெரியாது, நமக்கு ஒரு நாள் வழக்கம் மாறினால் சந்தோஷம், அவர்களுக்கு அடுத்து என்ன வரும் என்று தெரியாவிட்டால் கலக்கம்.

ஓரலுக்குத் தனியாக நாள் ஒதுக்காதீர்கள். நட்சத்திரம் ஒட்டுகிற நேரத்தில் நான்கு பேரை மேசைக்குக் கூப்பிடுங்கள். இது என்ன நிறம், உன் நட்சத்திரத்துக்கு எத்தனை முனை, இதில் பெரியது எது, இந்தப் பையில் உள்ள ஜிகினாப் பொட்டில் ஐந்து எடு பார்ப்போம். நிறம், எண், வடிவம், பெரிது சிறிது எல்லாம் முடிந்துவிட்டது. கையில் வேலை இருக்கும்போது பிள்ளை பேசுகிற பேச்சே வேறு, எதிரில் நிற்கவைத்துக் கேட்டால் தெரிந்த பிள்ளையும் வாயைத் திறக்காது. நீங்கள் மடியில் பெயர்ப் பட்டியல் வைத்து டிக் போட்டுக்கொள்ளுங்கள், ரைம்ஸ் மட்டும் வட்டமாக உட்காரும்போது கேளுங்கள்.

நட்சத்திரத்தை நீங்கள் வெட்டவே கூடாது. மூன்று ஐஸ் குச்சியை ஒரு முக்கோணமாக ஒட்டி, இன்னொரு முக்கோணத்தை அதன்மேல் தலைகீழாக வைத்தால் ஆறு முனை வந்துவிட்டது. பிள்ளைகளே செய்வார்கள். கோணலாக இருக்கும். ஆபீஸ் வாசலில் கோணல் நட்சத்திரம் தொங்கினால் கரஸ்பாண்டன்ட் ஒன்றும் சொல்லமாட்டார், சொன்னால் பிள்ளைகள் செய்தது என்று சொல்லுங்கள், பார்க்க வருகிற பெற்றோர் அதைத்தான் போட்டோ எடுப்பார்கள்.

மரியாள், யோசேப்பு இரண்டையும் யூகேஜிக்குத் தள்ளிவிடுங்கள். எல்கேஜியில் எல்லாரும் நட்சத்திரம், ஆடு, தேவதை. ஒரே மாதிரி முப்பத்திரண்டு பேர் இருந்தால் எந்த அம்மாவும் சண்டைக்கு வரமாட்டார்.

---

யூகேஜி அப்பா

நான் டீச்சர் இல்லை, ஒரு பெற்றோராகச் சொல்கிறேன், தவறாக நினைக்கவேண்டாம். போன வருடம் எங்கள் பள்ளியில் விழாவுக்கு மூன்று நாள் முன்னால் ராத்திரி ஒன்பதரைக்கு வாட்ஸ்அப் குரூப்பில் மெசேஜ்: தேவதை உடை, இறக்கை, தலையில் வளையம், வெள்ளை ஷூ. வாடகைக் கடைக்குப் போனால் எல்லாப் பள்ளிக்கும் அதே வாரம்தான் விழா, இருந்த ஒன்றும் என் மகளுக்கு இரண்டு சைஸ் பெரியது, வாடகை 400 ரூபாய் வாங்கினான். அவள் மேடையில் நின்றது நான்கு நிமிடம், அதில் மூன்று நிமிடம் இறக்கையை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள். கம்பி முதுகில் குத்தியிருக்கிறது பாவம், பிறகுதான் பார்த்தோம்.

வீட்டில் இருக்கிற வெள்ளை பனியன், வெள்ளைப் பாவாடை அல்லது டவுசர், தலைக்கு மட்டும் பள்ளியிலேயே ஒரு ஜிகினா நாடா என்று சொல்லிவிட்டால் எங்களுக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா. எதுவாக இருந்தாலும் டிசம்பர் முதல் வாரத்திலேயே ஒரு தாளில் எழுதி டைரியில் ஒட்டி அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் போட்டால் குட் மார்னிங் படங்களுக்கு நடுவில் காணாமல் போய்விடும்.

---

தூத்துக்குடி ரிட்டயர்டு

கிறிஸ்துமஸ் தாத்தா விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன், மற்றதைப் பாளை டீச்சர் நன்றாகவே சொல்லிவிட்டார்.

அந்தப் பையனுக்குப் பயம் தாத்தா மேல் இல்லை, முகம் தெரியாத ஆள் மேல். கடையில் விற்கிற பிளாஸ்டிக் முகமூடியை வாங்கவே வாங்காதீர்கள், அது அசையாது, சிரிக்காது, உள்ளே இரண்டு கண் மட்டும் உருளும், எனக்கே பிடிக்காது. உங்கள் பள்ளியில் யார் வேடம் போடுகிறார்? பி.டி. மாஸ்டரா, வேன் டிரைவரா? யாராக இருந்தாலும் விழாவுக்கு ஒரு வாரம் முன்னால் சாதாரண உடையில் உங்கள் வகுப்புக்கு வரச்சொல்லுங்கள். பிள்ளைகள் கண்முன்னாலேயே சிவப்பு அங்கியைப் போடவேண்டும், பிறகு குல்லா, கடைசியில் பஞ்சு தாடி. தாடியைக் கழற்றி, மறுபடி மாட்டி, மறுபடி கழற்றி. இரண்டாவது தடவையே சிரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். துணிச்சலான பிள்ளைகள் தாடியை இழுத்துப் பார்க்கட்டும். பயப்படுகிறவனைப் பக்கத்தில் போ என்று தள்ளவேண்டாம், கதவு ஓரமாக ஆயாம்மா மடியிலிருந்தே பார்க்கட்டும். ஆச்சரியம் போய்விடுமே என்று சில மிஸ்கள் கேட்பார்கள். போகாது. டிரைவர் அண்ணன்தான் தாத்தா என்று தெரிந்தபிறகும், மிட்டாய்ப் பையோடு மணி அடித்துக்கொண்டு அவர் உள்ளே வந்தால் அதே கூச்சல்தான். அந்த வயதில் இரண்டையும் ஒரே நேரத்தில் நம்பமுடியும்.

கதை சொல்லவேண்டுமென்றால் நிக்கோலாஸ் ஆயரின் கதை சொல்லலாம். இப்போது துருக்கியில் இருக்கிற மீரா என்ற ஊரில் ஆயராக இருந்தவர், ஏழைகளுக்கு ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் பொருள் கொடுத்தவர் என்று கதை, டிசம்பர் 6 அவர் திருநாள். பனிக்கட்டி, கலைமான் எல்லாம் நம் பிள்ளைகள் பார்த்ததே இல்லை. ராத்திரி சத்தமில்லாமல் பண்டம் வைத்துவிட்டுப் போகிறவர் என்றால் உடனே புரியும்.

மழை லீவு பற்றி ஒன்று. 2023 டிசம்பர் 17, 18 யாருக்கும் மறக்காது, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது, தென்மாவட்டங்களில் அரையாண்டுத் தேர்வையே ஜனவரிக்குத் தள்ளிவைத்தார்கள், பல பள்ளிகளில் மேடையும் இல்லை விழாவும் இல்லை. அதனால் எதையும் கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள். கடைசி வாரம் சும்மா இருந்தால் சந்தோஷம், இல்லாமல் போனாலும் நஷ்டம் இல்லை.

---

மேடை வேண்டாம் கட்சி

நான் கொஞ்சம் வேறு மாதிரி நினைக்கிறேன். எல்கேஜிக்கு மேடையே எதற்கு? மைக் அலறும், லைட் கண்ணில் அடிக்கும், ஐந்நூறு பேர் போனைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள், பிள்ளை அம்மாவைத் தேடி அழும். வகுப்பறையிலேயே பெற்றோரைப் பாய் விரித்து உட்காரவைத்துப் பாடினால் போதாதா? நாங்கள் எங்கள் பிளே ஸ்கூலில் அப்படித்தான் செய்கிறோம், பாட்டு முடிந்ததும் பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து ஒரு நட்சத்திரம் செய்கிறார்கள், அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது.

---

பாளை டீச்சரம்மா

உங்கள் பிளே ஸ்கூலில் முடியும். இவர் சேர்ந்து ஆறு மாதம் ஆன மிஸ், கரஸ்பாண்டன்டிடம் போய் மேடை வேண்டாம் என்று சொன்னால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். அதுபோக எங்கள் பக்கம் இன்னொரு விஷயம் இருக்கிறது. கல்ஃபில் வேலை பார்க்கிற அப்பாக்கள் பல பேர் கிறிஸ்துமஸ் லீவுக்குத்தான் வருகிறார்கள். கிராமத்திலிருந்து ஆச்சி, தாத்தா எல்லாம் இரண்டு பஸ் மாறி வந்து முன்வரிசை நாற்காலியைக் காலையிலேயே பிடித்துவைத்திருப்பார்கள். அவர்களுக்கு வகுப்பறைப் பாய் போதாது, மேடைதான் வேண்டும். அதையும் நான் தப்பு என்று சொல்லமாட்டேன்.

அழாமல் இருக்க வழி உண்டு. மேடையில் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டு, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வட்டம், அதிலேயே நிற்கவேண்டும். மிஸ் மேடைக்குக் கீழே, நேர் எதிரில், தரையில் உட்கார்ந்து எல்லா ஆக்‌ஷனையும் செய்துகாட்டவேண்டும், அவர்கள் கூட்டத்தைப் பார்க்கமாட்டார்கள், உங்களைத்தான் பார்ப்பார்கள். அழுகிற பிள்ளையை ஆயாம்மா கையைப் பிடித்து மேடை ஓரத்தில் நிறுத்திக்கொள்ளட்டும், இறக்கிவிட்டால் எல்லாரும் இறங்குவார்கள். உடை மாட்டுவதற்கு முன்னால் எல்லாரையும் பாத்ரூமுக்கு அழைத்துப்போங்கள், மாட்டினபிறகு இல்லை. இதைச் சொல்லித்தரவேண்டுமா என்று தோன்றும், அன்றைக்கு இருக்கிற அவசரத்தில் மறந்தே போகும். ஊக்கு எதிலும் குத்தாதீர்கள், எலாஸ்டிக் அல்லது நாடாதான். எல்கேஜியை நிகழ்ச்சியில் முதலாவதாகவோ இரண்டாவதாகவோ வைக்கச்சொல்லி இப்போதே பிடிவாதம் பிடியுங்கள். கரஸ்பாண்டன்டிடம் நீங்கள் போராடவேண்டிய ஒரே விஷயம் இதுதான். எட்டாவதாகப் போட்டால் உங்கள் ஆடுகள் எல்லாம் தூங்கிவிடும்.

---

ஸ்கார்பரோ அக்கா

நான் டொராண்டோ பக்கம் கிண்டர்கார்டன் வகுப்பில் வேலை செய்கிறேன், ஊர் யாழ்ப்பாணம். இங்கே அரசுப் பள்ளிகளில் நான்கு வயதும் ஐந்து வயதும் பெரும்பாலும் ஒரே வகுப்பில்தான், ஒரு ஆசிரியர், கூட ஒரு மழலைக்கல்வியாளர், நான் அந்த இரண்டாவது ஆள். உங்கள் 32 பிள்ளை, அரை ஆயாம்மா கணக்கைப் படித்ததும் எங்கள் நிலைமை பற்றி இனி முறைப்பாடு செய்யக்கூடாது என்று முடிவெடுத்துவிட்டேன்.

எங்களுக்கு டிசம்பரில் மழை இல்லை, ஸ்னோ பேண்ட். வெளியே விளையாடப் போகவேண்டுமென்றால் முதலில் ஸ்னோ பேண்ட், பிறகு பூட்ஸ், பிறகு ஜாக்கெட், தொப்பி, கடைசியில் கையுறை. கையுறையை முதலில் போட்ட பிள்ளைக்கு ஜிப் இழுக்க வராது, எல்லாவற்றையும் கழற்றி முதலிலிருந்து தொடங்கவேண்டும். எல்லாரும் தயாராகி வாசலில் நிற்கும்போது ஒன்று டாய்லெட் என்று சொல்லும். இந்த நேரத்தையே நாங்கள் பாடம் மாதிரி எடுத்துக்கொள்கிறோம், வரிசையைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டியிருக்கிறோம், பிள்ளை படத்தைப் பார்த்துத் தானே போட்டுக்கொள்ளும், பெரியவள் சின்னவனுக்கு உதவி செய்வாள். உங்கள் வகுப்பிலும் அன்றைய வேலைகளைப் படமாகப் போட்டு ஒட்டிவைத்தால் உதவும் என்று நினைக்கிறேன். ஜெபம், ரைம்ஸ், சாப்பாடு, மேடை, வீடு, இப்படி. மேடை இல்லாத நாளில் அந்தப் படத்தை எடுத்துவிடலாம், மழை லீவுக்குப் பிறகு வந்தாலும் குழப்பம் வராது.

இன்னொன்று, கிறிஸ்துமஸுக்கு இன்னும் எத்தனை நாள் என்று தினமும் நூறு தடவை கேட்பார்கள்தானே? பன்னிரண்டு நாள் என்று சொன்னால் அந்த வயதுக்கு ஒன்றுமே புரியாது. கலர் பேப்பரை வளையம் வளையமாகக் கோத்து ஒரு சங்கிலி செய்து தொங்கவிடுங்கள், தினமும் வீட்டுக்குப் போகிறபோது ஒருவர் ஒரு வளையத்தைக் கத்தரிக்கட்டும். சங்கிலி குட்டையாகிறது, நாள் குறைகிறது. கேள்வியே நின்றுவிடாது, ஆனால் சங்கிலியைப் பார் என்று சொல்லிவிடலாம்.

எங்கள் வகுப்பில் கிறிஸ்துமஸ் கொண்டாடாத வீட்டுப் பிள்ளைகளும் நிறைய. பெற்றோரிடம் நாங்கள் முதலிலேயே கேட்டுவிடுகிறோம், உங்களுக்கு எது சரி, எது வேண்டாம் என்று. அந்த அம்மா உங்களிடம் வந்து கேட்டது நல்ல விஷயம், கேட்காமல் அன்றைக்கு லீவு போடுகிறவர்களும் உண்டு. நீங்களே பதில் யோசிப்பதை விட, எந்த வேடம் உங்களுக்குச் சரிவரும் என்று அவரிடமே திருப்பிக் கேளுங்கள்.

---

கேட்டவர்: நாகர்கோவில் எல்கேஜி மிஸ்

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. டான்ஸை நிறுத்திவிட்டேன். ஆட்டுக்குட்டிப் பாட்டுதான், இன்றைக்கு ஒரு தடவை பாடினோம், தரையில் படுக்கிற இரண்டு பேரும் எழுந்துநின்று பாடினார்கள். கரஸ்பாண்டன்டிடம் முதல் நிகழ்ச்சியாகப் போடச்சொல்லிக் கேட்டேன், இரண்டாவதாகப் போடுகிறேன் என்றார், முதலாவது வரவேற்பு நடனம் ஒன்பதாம் வகுப்பாம்.

ஸ்கார்பரோ அக்கா, அந்த அம்மாவிடம் கேட்டேன். எதிலும் ஆட்சேபணை இல்லையாம், மகள் வீட்டில் ஆடு மாதிரிக் கத்திக்கொண்டே இருக்கிறாளாம், ஆடே கொடுங்கள் என்றார்!

இன்னும் இரண்டு சந்தேகம். ஜிகினாப் பொடி வாங்கலாமா? மற்றது, குடில் வகுப்பிலேயே வைக்கச் சொல்லியிருக்கிறார்கள், புல்லுக்கு என்ன செய்வது? போன மிஸ் பச்சை கிரேப் பேப்பரைக் கிழித்துப் போட்டிருந்தார், அதையே எடுத்துவைத்திருக்கிறார்கள், எறும்பு ஏறியிருக்கிறது.

---

தூத்துக்குடி ரிட்டயர்டு

ஜிகினாப் பொடி வேண்டவே வேண்டாம். கண்ணைத் தேய்ப்பார்கள், டிபன் பாக்ஸில் விழும், ஈஸ்டர் வரைக்கும் தரையில் மின்னும். ஒட்டுகிற பொட்டு, கலர் சாக்குக் கட்டி, உருளைக்கிழங்கை வெட்டிச் சாயத்தில் தோய்த்துக் குத்துகிற அச்சு, இது போதும்.

குடிலுக்குப் புல்லை நீங்கள் நாகர்கோவிலில் இருந்துகொண்டு கேட்கிறீர்களே! உங்கள் பக்கத்து வீடுகளில் முளைக்கவைப்பார்களே. கேழ்வரகை ஒரு ராத்திரி ஊறவைத்து, தேங்காய்ச் சிரட்டையில் ஈர மண் போட்டு நெருக்கமாகத் தூவி, மேலே லேசாக மண் மூடி ஈரம் காயாமல் வைத்தால் சில நாளில் முளை காட்டிவிடும், பத்துப் பன்னிரண்டு நாளில் குடிலுக்கு அளவான புல். ஆளுக்கு ஒரு சிரட்டை, அடியில் பெயர் எழுதி ஜன்னல் ஓரமாக வையுங்கள். தினமும் யார் சிரட்டை எவ்வளவு வளர்ந்தது என்று பார்ப்பதிலேயே காலை ரைம்ஸ் நேரத்துக்கு முன்னால் அமைதியாக ஒரு ஐந்து நிமிடம் கிடைக்கும், அதற்காகவே செய்யலாம். செடி பாடமும் அதிலேயே முடிந்தது, ஓரலில் கேட்க ஒரு கேள்வியும் கிடைத்தது. குடிலில் கட்டின வைக்கோலும் ஆடும் மாடும் வைத்துவிட்டு, சிரட்டைகளைச் சுற்றி அடுக்கினால் போதும். சிலரது முளைக்காது, அதனால் மூன்று நான்கு சிரட்டை உபரியாகப் போட்டு ஸ்டாஃப் ரூமில் மறைத்துவையுங்கள்.

---

யூகேஜி அப்பா

சிரட்டை வேண்டுமென்றால் டைரியில் எழுதி அனுப்புங்கள் மிஸ். எல்லா வீட்டிலும் இருக்கும், 400 ரூபாய் வாடகையும் கிடையாது.

---

பாளை டீச்சரம்மா

கேழ்வரகை இன்றைக்கு ராத்திரியே ஊறப்போடுங்கள், 22க்கு நாள் சரியாக இருக்கும். மழை பெய்தால் ஜன்னல் ஓரத்திலிருந்து உள்ளே எடுத்துவைக்க ஆயாம்மாவிடம் சொல்லிவையுங்கள், லீவு விட்டால் தண்ணீர் ஊற்றுவதற்கு வாட்ச்மேனிடம் சொல்லுங்கள். சிரட்டையின் கண்ணைக் குத்தி ஓட்டை போட மறக்காதீர்கள், தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். அப்புறம் ரிப்போர்ட் கார்டு எழுதுவதை லீவுக்குத் தள்ளாதீர்கள், வீட்டில் முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் சுடுகிற நேரத்தில் ஒருவரும் உங்களை மேசையில் உட்காரவிடமாட்டார்கள்.